மூன்றாம் தரம் சொல்லாதவர்

மகளை மார்பில் படுக்க வைத்துக்கொண்டு அன்றைய தக்காளி நிலவரத்தை அவளிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார் அவர். அப்பாவின் உடம்புச் சூடு பிள்ளைக்குப் படட்டும் என்று சட்டைப் பொத்தான்கள் எல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே, புதர் மாதிரி மண்டிய மார்பு முடியில் முகம் புதைத்தபடி, ஒரு கைக்குள் அடங்கிவிடும் பெண் குழந்தை. தலையில் குல்லாய், காலில் உறை, நடுவில் ஒயர்கள். "மேல நல்ல பழமா அடுக்கிட்டு அடியில அழுகலை வச்சுட்டான்மா. உங்கப்பன்கிட்டயேவா?" என்றார். அவள் கொட்டாவி விட்டாள்.

அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுபவர். தகரக் கூரைக்கு அடியில் பெட்டி மேல் ஏறி நின்று அவர் விலை கேட்டால், அடுத்த தெருவில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்வான். அப்படிப்பட்ட தொண்டையைக் கொண்டுபோய், குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துவிட்டது விதி. முதல் நாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா இருக்காளா?" அவ்வளவுதான், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பிள்ளைகள் தூக்கிவாரிப் போட்டு விழித்தன. இயந்திரங்கள் கோரஸாகக் கத்தின. "அண்ணே, இது சந்தை இல்லை" என்றார் மூத்த நர்ஸ்.

அன்றிலிருந்து குசுகுசுக்கப் பழகினார். அவர் குசுகுசுத்தால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவுக்கு வரும். அதனால் சந்தை வம்பு முழுக்க அந்த வார்டுக்கு அத்துப்படி. அவரைக் கேட்காமல் எந்த நர்ஸும் வெங்காயம் வாங்குவதில்லை. பெரிய டாக்டரே ஸ்டெதஸ்கோப்பை மாட்டியபடி, முட்டைக்கோஸ் விலை ஏறுமா இறங்குமா என்று விசாரித்தாராம். இதை அவரே சொன்னதால் பாதியைத் தள்ளிவிட்டு நம்பலாம்.

குழந்தைக்குக் கடுகு என்று பெயர் வைத்தது மூத்த நர்ஸ். கடுகு எடை கூடினாள். குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்த பாலைத் தானே உறிஞ்சக் கற்றாள். கெட்ட பழக்கம் ஒன்றுதான் பாக்கி: திடீரென்று மூச்சு விட மறந்துவிடுவாள். முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் மனப்பாடமாகச் சில காலம் ஆகும், ஒரு வாரம் முழுக்க மறக்காமல் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மறதி எந்தப் பக்கத்துச் சொத்து என்று தனக்குத் தெரியும் என்றபடி இவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். கல்யாண நாளை மறந்தது யாரென்று மனைவி திருப்பிக் கேட்டதும், தக்காளிப் பக்கம் போய்விட்டார்.

ஒரு நாள் அவர் மார்பில் கிடக்கும்போதே கடுகு மறந்துவிட்டாள். இயந்திரம் கத்தியது. நர்ஸ் இன்னொரு பிள்ளைக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே, பயப்படாமல் உள்ளங்காலைச் சுண்டிவிடச் சொன்னார். பாவம், மனுஷனின் விரல் அந்தக் காலை விடப் பெரியது. பயத்தில் வாய் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிற்று.

"ஒரு தரம்..." சுண்டினார். அசைவில்லை.

"ரெண்டு தரம்..."

கடுகு முகத்தைச் சுளித்து ஒரு மூச்சு இழுத்தாள். அவருக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

அதற்குப் பிறகு அவள் மறக்கும்போதெல்லாம் இதே ஏலம்தான். மூன்றாம் தரம் வரை அவள் போகவிட்டதில்லை. சுண்டினதுதான் வேலை செய்தது, ஏலம் இல்லை என்று நர்ஸ் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும் சிஸ்டர். விரலும் என்னதுதானே, வாயும் என்னதுதானே?" என்றார் இவர்.

வம்பு சந்தையில் வந்தது. மூன்றாம் தரம் சொன்னால்தானே சரக்கு கைமாறும்? இவருக்கோ அந்த வார்த்தை தொண்டையை விட்டு வர மறுத்தது. ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு விழித்துக்கொண்டு நிற்பார். அதற்குள் எவனாவது விலையை ஏற்றிவிடுவான். விவசாயிகளுக்குக் கொண்டாட்டம், வியாபாரிகளுக்கு வயிற்றெரிச்சல். காசு வாங்கிக்கொண்டு இழுக்கிறான் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. காரணத்தைச் சொல்ல அவருக்கு வெட்கம். கடைசியில் வாயை மூடிக்கொண்டு பெட்டியை ஓங்கி ஓர் அறை அறைய ஆரம்பித்தார்; அதுவே மூன்றாம் தரம் என்று சந்தை ஏற்றுக்கொண்டது.

வாரம் முடிய ஒரே ஒரு நாள் இருக்கையில் கடுகு மறுபடி மறந்தாள். எல்லாம் முதலிலிருந்து. அன்று அவர் தாழ்வாரத்துக்குப் போய் அழுதார். அழுதாலும் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த வாரம் அவள் ஒரு தடவைகூட மறக்கவில்லை. டாக்டர் தலையாட்டினார். நர்ஸ் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு இயந்திரத்தை அணைத்தார். திரை கறுத்ததும் இவர் முகம் அதைவிடக் கறுத்தது. இனி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டார். "புள்ளையைப் பாருங்க அண்ணே. டிவி பார்த்தது போதும்" என்றார் நர்ஸ்.

வாசலில் கார் நின்றது. குழந்தையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தவர், குனிந்து அவள் மூக்கருகே காதை வைத்தார். எந்தப் பக்கம் போகணும் என்று டிரைவர் கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். முன்சீட்டிலிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். கணவனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முகம் சிவந்துகொண்டே போனது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"முதல்ல நீங்க மூச்சு விடுங்க" என்றாள்.

அவர் காதை எடுக்கவில்லை. கொஞ்சம் பொறு என்று ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.