கடைசி ரீல் பார்க்காத அல்போன்சம்மாள்

தாமதமாக வருகிறவர் தலை வாசலில் தெரிந்தால் போதும், அல்போன்சம்மாள் டார்ச் லைட்டைத் தரைக்கு அடிப்பார். முகத்துக்கு அடிக்கவே மாட்டார். நம் காலுக்கு இரண்டு சாண் முன்னால் வட்டமாக வெளிச்சம் விழும். அது நகர நகர நாம் பின்னால் போக வேண்டும். "வயர் கெடக்கு, கால தூக்கி வைங்க லா." நாற்காலி வந்ததும் வட்டம் ஒரு ஆட்டம் ஆடி அணையும்.

ஜாலான் புசார் வட்டாரத்தில் எங்கள் சமூக மன்றத்து மேல்மாடி அறையில் மொத்தமே நாற்பது நாற்காலிதான். சனிக்கிழமை மத்தியானம் சன்னல் திரைகளை இழுத்துவிட்டு, உலகத்துப் பெரிய படங்களைப் போட்டுக் காட்டுகிறார்கள். எல்லார் கையிலும் கைபேசி இருக்கும்போது டார்ச் எதற்கு என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "போன் வெளிச்சம் பக்கத்துல இருக்கறவன் கண்ணுல குத்தும். இது தரையோட பேசும்."

அல்போன்சம்மாள் எனக்குச் சம்பந்தி முறை. என் அக்கா பேரன் ரித்திக் கட்டியிருப்பது அவர் தங்கை பேத்தி நிக்கோலை. கோயிலில் ஒரு தாலி, தேவாலயத்தில் ஒரு மோதிரம் என்று இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டிலும் விருந்தாளிகளை இடம் பார்த்து உட்கார வைத்தவர் இவர்தான். யாரும் சொல்லவில்லை, தானாகவே செய்தார். பதினெட்டு வயதில் தொடங்கி முப்பது வருஷம் தியேட்டரில் சீட் காட்டிய கை அது. அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. டார்ச் மட்டும் இருக்கிறது. அதை யாரிடமும் கொடுக்க மாட்டார். ஒரு தடவை என் தோடு நாற்காலிக்கடியில் விழுந்துவிட்டது. டார்ச்சைக் கேட்டேன். கொடுக்காமல், முட்டி வலியோடு தானே மண்டி போட்டுத் தேடி எடுத்துத் தந்தார்.

முப்பது வருஷமும் நின்றபடிதான் படம் பார்த்திருக்கிறார். நல்ல படத்துக்கு அவர் வைத்திருக்கும் அளவுகோலே வேறு. அந்தக் காலத்தில் கச்சாங் பூத்தே என்கிற கடலைப் பொட்டலத்தோடுதான் ஜனங்கள் உள்ளே வருவார்கள். "கடலை மெல்லுற சத்தம் நின்னுச்சுன்னா அது நல்ல படம். பொட்டலத்துல வச்ச கை வெளிய வராம அப்படியே நின்னுச்சுன்னா, அது பெரிய படம் சம்பந்தி."

ஆனால் எந்தப் படத்துக்கும் முடிவு மட்டும் அவருக்குத் தெரியாது. கடைசி ரீலில் ஓடிப்போய் வெளிக்கதவுகள் நான்கையும் திறந்துவைத்து நிற்க வேண்டும். அது மேனேஜர் உத்தரவு. வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து முடிவை ஊகித்துக்கொள்வார். அழுதால் சாவு, சிரித்தால் கல்யாணம். ஒரே ஒரு படம்தான் அவரை ஏமாற்றியது. பேசாத படம், பனி கொட்டும் ஏதோ தேசம். கோபித்துக்கொண்டு போன மகளைத் தேடி, கையில் ஒரு வாத்தோடு கிழவர் ஒருவர் நடையாய் நடக்கிறார். கடைசியில் அவள் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார்.

"அந்தக் கதவு தொறக்குதா இல்லையான்னு பாக்கறதுக்குள்ள நான் இந்தக் கதவத் தொறக்கப் போயிடணும். பதினாலு ஷோ! வெளிய வந்தவங்க பாதிப் பேரு அழறாங்க, பாதிப் பேரு சிரிக்கிறாங்க. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

போன சனிக்கிழமை மன்றத்தில் அதே படம். படம் போடுகிற பொண்ணு நிரஞ்சனா, "ஒரு ஆளோட முதுகக் காட்டியே அழ வைக்கலாம்னு நிறைய டைரக்டர்ஸ் கத்துக்கிட்டது இதுலதான்" என்று சொல்லி விளக்கை அணைத்தது. அல்போன்சம்மாள் சர்ச்சுக்குப் போகிற சேலையில் வந்திருந்தார். "இன்னிக்கு உக்காந்து பாக்கறேன்" என்று வாசலோர நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டார்ச் மட்டும் மடியில் இருந்தது.

படம் ஓடியது. கிழவர் வந்துவிட்டார். திரை முழுக்க அவர் முதுகு, கக்கத்தில் வாத்து. கதவைத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் வாராவாரம் வருகிற லாசரஸ் அண்ணன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "யம்மா, பாத்ரூம். அவசரம் லா."

அல்போன்சம்மாள் பாதி எழுந்துவிட்டார். கால் போகத் துடிக்கிறது, கண் திரையை விட்டு வரவில்லை. சட்டென்று கையை நீட்டி டார்ச்சை என் மடியில் வைத்தார். "சம்பந்தி, நீங்க போங்க. தரைக்கு அடிங்க."

நான் லாசரஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவசரம் என்றாரே தவிர, நடை அப்படி இல்லை. திரும்பி வந்தபோது அறையில் விளக்கு எரிந்தது. பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அல்போன்சம்மாள் இரண்டையும் செய்துகொண்டிருந்தார்.

"கதவு தொறந்துச்சா சம்பந்தி?" என்று கேட்டேன்.

"அத வாயால சொல்லக் கூடாது." நிரஞ்சனா பக்கம் திரும்பினார். "அந்தக் கடைசிக் கொஞ்சம் மறுபடி போடும்மா. இங்க ஒருத்தங்க பாக்கல."

"ஏன், நானுந்தான் பாக்கல!" என்றார் லாசரஸ் அண்ணன்.

"ஒங்களாலதான் அவங்களும் பாக்கல. பேசாம நில்லுங்க."

விளக்கு அணைந்தது. அல்போன்சம்மாள் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். கால் முன்னால் வட்டம் விழுந்தது. நான் பின்னால் போனேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்ததும் வட்டம் ஒரு ஆட்டம் ஆடி அணைந்தது.