கல்யாணக் கனவுக்கு மாற்று

காஞ்சிபுரத்தில் தோஷம் போகத் தங்கப் பல்லியைத் தொடுகிற கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தால், ஊரார் கண்ட கனவுக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டி வரும். என்னைப்போல வாசலில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கெல்லாம் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். நான் மூணாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த பலனெல்லாம் கேட்க வந்தவர்களே சொல்லிவிட்டுப் போனதுதான்: கனவில் சாவைக் கண்டால் ஆயுசு கெட்டி, கல்யாணத்தைக் கண்டால் சாவு.

பல் விழுந்தவர்

பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற ஒருத்தர், பல்லெல்லாம் கொட்டின மாதிரி கனவு கண்டு பதறி வந்தார். கெட்ட கனவை மாட்டிடம் சொன்னால் போய்விடும் என்றேன். பூக்கடையோரம் நின்ற பசுவின் காதில் குனிந்து ரொம்ப நேரம் சொன்னார். திரும்பி வந்தவர் முகம் தெளிந்திருந்தது. "கடைசி வரைக்கும் கேட்டுச்சு பெரியவரே, என் பொண்டாட்டிகூட இவ்ளோ நேரம் கேட்டதில்ல."

மாலையும் கழுத்துமாக

எங்கள் தெரு சரோஜா பட்டுநூல் சுற்றுகிறவள். ஒரே பிள்ளை குமார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவன், ரத்தத்தில் வியாதி வந்து படுத்துவிட்டான். ஒருநாள் காலையில் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவனைக் கல்யாணக் கோலத்தில் கனவு கண்டாளாம். கல்யாண வயசுப் பிள்ளை, பெற்றவளுக்கு ஆசை இருக்காதா என்று சமாளித்துப் பார்த்தேன். "ஆசைன்னா பகல்லயே வரும்ணே. இது விடியக்காலத்துல வந்துச்சு."

தினமும் ஒரு வேண்டுதல்

அதிலிருந்து தினமும் வருவாள். போகும்போது, "இன்னிக்கும் வரலைண்ணே" என்பாள். என்ன வரவில்லை என்று ஒருநாள் கேட்டேன். மகன் செத்த மாதிரி ஒரு கனவு வரவேண்டுமாம். அது வந்தால் கல்யாணக் கனவு அடிபட்டுப் போகுமாம். அதற்காக மத்தியானமும் படுக்கிறாளாம், தூக்கம்தான் வரவில்லையாம். பக்கத்தில் பூ விற்கிற அம்மா, "வாயைக் கழுவுடி!" என்று அதட்டினாள். சரோஜா கோபப்படவில்லை. "நீ சும்மா இரு, அக்கா. கனவுல செத்தா நெஜத்துல இருப்பான்."

ஆட்டோவில் வந்தவன்

ஒரு சாயங்காலம் குமாரே ஆட்டோவில் வந்தான். முடி கொட்டின தலைக்குத் தொப்பி. இறங்கத் தெம்பில்லாமல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"அம்மா தூங்கறதே இல்ல மாமா. நீ கனவு கண்டேன்னு சொல்லிடு."

"என்னான்னுபா?"

"நான் செத்துட்டேன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். "பாடை, மேளம் எல்லாம் வெச்சி சொல்லு மாமா. சும்மா செத்துட்டான்னா அம்மா நம்பாது."

சொன்னேன்

மறுநாள் சொன்னேன். "அவன்தானாண்ணே? நல்லா பாத்தியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று ராத்திரி அம்மா அசந்து தூங்கியது என்று குமார் போனில் சந்தோஷமாகச் சொன்னான்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவன் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து சரோஜா கோயிலுக்கு வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளே பேசினாள். "பொய்னு அன்னிக்கே தெரியும்ணே. நெஜமா கண்டிருந்தா சிரிச்சிக்கினு சொல்லியிருப்பே, நீ அழுதுக்கினு சொன்னே. நான் தூங்கினாதான் அவன் தூங்குவான், அதான் கண்ணை மூடிக்கினு கெடந்தேன்."

இப்போதெல்லாம் யாராவது கனவென்று வாயைத் திறந்தால், செருப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எனக்குக் காது மந்தம் என்று சொல்லிவிடுகிறேன்.