கிணற்றுத் தண்ணீரும் என் கடைசி வரியும்

ஊர் நிருபருக்குத் தெரியாத செய்தி எதுவும் ஊரில் கிடையாது. அது அச்சில் வருவதுதான் அபூர்வம். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு ஒரு தினசரியின் பகுதிநேர நிருபராக இருந்தேன். எழுதிக் கவரில் போட்டு மெட்ராஸ் ரயிலில் கொடுத்தனுப்புவேன். வரியையும் கட்டிவிட்டு வாயையும் பொத்திக்கொண்டிருந்த என் சக பாவிகளே, உங்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

இரண்டு பாட்டில்

லாரி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பக்கத்தில் சாயக் கம்பெனி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளித்து வீச்சம் அடித்தது. பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. சுகாதார ஆபீசிலிருந்து வந்து, சோதனைக்கு என்று இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நடவு வேலை செய்யும் முனியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு மூன்று வயசு, ஏற்கெனவே துவண்டு போயிருந்தான். அவள் கிணற்றை விட்டுவிட்டு, ஒரு மைல் நடந்து வயல் பம்புசெட்டிலிருந்து குடம் சுமந்துகொண்டிருந்தாள். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்ததும் சொன்னாள்: "நீ எழுதறது கெடக்கட்டும் நைனா. இந்தத் தண்ணிய புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா, கூடாதா? அத்த மட்டும் கேட்டுக்கினு வந்து சொல்லு."

சிவப்பு முத்திரை

சோதனை முடிவு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஆபீசுக்கு ஓடினேன். ஃபைல் மேஜைமேல்தான் இருந்தது. அதன்மேல் சிவப்பில் 'இரகசியம்' என்று குத்தியிருந்தார்கள். ஊர்க் கிணறு, ஊரார் வரிப்பணத்தில் சோதனை, ஊராருக்கு மட்டும் சொல்லக்கூடாதாம். "கிணத்துத் தண்ணியில என்னய்யா ராணுவ ரகசியம்?" என்று எரிந்து விழுந்தேன். குமாஸ்தா பாவம், நல்ல மனுஷர். ஃபைலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "ரகசியம்னு போட ஒரு கையெழுத்து போதும் சார். வெளிய சொல்லலாம்னு போட நாலு பேர் கையெழுத்து வேணும். அந்த நாலு பேருக்கு நான் எங்க போவேன்?"

ஜீப்பில் இருந்த கூஜா

நான் விடாமல் நச்சரித்ததில் சுகாதார அதிகாரி ஒருநாள் ஜீப்பில் வந்தார். கிணற்றடியில் நின்று, பயப்பட ஒன்றுமில்லை என்று கால்மணி நேரம் பேசினார். நல்ல வெயில். தொண்டை வறண்டதும் டிரைவரைப் பார்த்துக் கையை நீட்டினார்; ஜீப்பிலிருந்து கூஜா வந்தது. முனியம்மா அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குறித்துக்கொண்டதை டிரைவர் கவனித்துவிட்டு, பின்னாலேயே வந்து கெஞ்சினார்: "கூஜாவ மட்டும் எழுதிடாத சார். ரொப்பிக்கினு வந்தவன் நானு, பேஜாரு எனக்குத்தான்."

அடிபடாத வரி

எழுதினேன், கூஜா உள்பட. அதற்குள் நெருக்கடி நிலை வந்து, பத்திரிகைப் பக்கமெல்லாம் தணிக்கைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எவ்வளவு குறை எழுதினாலும், முடிவில் 'அதிகாரிகள் தக்க நடவடிக்கை எடுத்து வருகின்றனர்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம். அப்போதுதான் அடுத்த தடவை ஆபீசுக்குள் விடுவார்கள். அன்றும் என் கை தானாக அதை எழுதிவிட்டது. தணிக்கையில் மேலே இருந்த அத்தனையும் அடிபட்டு, அந்த வரி மட்டும் தப்பித்தது. 'கிணற்று நீர் சுத்தம்: அதிகாரிகள் நடவடிக்கை' என்று ஆபீசில் வைத்த தலைப்போடு, 'கும்மிடிப்பூண்டி நிருபர்' என்ற பெயருக்குக் கீழே வந்தது. போனில் உதவி ஆசிரியரிடம் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கோச்சுக்காதேப்பா. உன் மேட்டர்ல அவங்க கை வைக்காத வரி அது ஒண்ணுதான்."

முனியம்மா

வெட்கத்தில் பத்து நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. டீக்கடையில் அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். கேட்ட அன்றே அவள் பம்புசெட்டுக்கு நடப்பதை நிறுத்திவிட்டு, கிணற்றில் இறைத்திருக்கிறாள். நான் போனபோது சின்னவன் இறந்து மூன்று நாளாகியிருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உட்காரச் சொல்லிவிட்டு, சொன்னாள்: "பேப்பர்ல நீதான் எழுதிக்கீறேன்னு சொன்னாங்க. நீ எழுதினா மெய்யாத்தான் இருக்கும்னு குடுத்துட்டேன் நைனா."

கிணற்றில் என்ன இருந்தது என்பதை அரசாங்கம் இன்றுவரை பத்திரமாகக் காப்பாற்றி வருகிறது. ஊருக்குத் தெரியவந்ததெல்லாம் நான் எழுதிய அந்த ஒரு வரிதான்.