நான் பிடித்து வைத்த சீட்டு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது பாறசாலையில் எங்கள் முக்கில் வைத்த ஃபிளக்ஸில் ஜெஸ்லின் படம் பெரிதாகவும் என் படம் தபால்தலை அளவிலும் இருந்தது. அன்று முதல் அவளை எனக்குப் பிடிக்காது.

பிறகு எம்.ஏ. படிக்க எனக்கு டெல்லியிலும் ஹைதராபாத்திலும் பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. டெல்லிதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலையில் ஜெஸ்லின் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“நீ டெல்லிக்குத்தானே போற? ஹைதராபாத்து சீட்ட விட்டுரு. வெயிட்டிங் லிஸ்டுல முதல் பேரு எனக்கதாக்கும்.”

“யோசிச்சிட்டுச் சொல்லுதேன்” என்றேன். யோசிக்க எதுவுமே இல்லை. தினமும் வந்து கெஞ்சட்டும் என்று இருந்தேன். வந்தாள். சேர்க்கை முடிந்த மறுநாள்தான் அந்த சீட்டை ரத்து செய்தேன். அது யாருக்கும் போகவில்லை.

நான் டெல்லிக்குக் கிளம்பிய அன்று அவள் தனுவச்சபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். அங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

“நெட்டு கிட்டல, அதாக்கும் லேட்டாச்சு” என்று பொய் சொன்னேன்.

முறைத்தாள். “ஹைதராபாத்து அப்ளிகேஷனுக்கு இன்னைக்குதான் கடைசி நாளுன்னு உனக்க வீட்டுக்கு ஓடி வந்து சொன்னது ஆருடி?”

பஸ் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

அவளேதான். நான் அதை மறந்தே போயிருந்தேன். அன்று அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் விண்ணப்பித்தே இருக்க மாட்டேன். அந்த சீட்டு நேராக அவளுக்கே போயிருக்கும்.

இன்றும் ஜெஸ்லினை எனக்குப் பிடிக்காது. காரணம் அந்த ஃபிளக்ஸ் இல்லை.