ஸ்யாமளாவுக்குப் போன மஞ்சள் கயிறு

ஆரப்பாளையத்தில் விறகுக்கடை வைத்திருந்த நல்லகாமனுக்கு சினிமா, சீட்டாட்டம், அரசியல் எதிலும் பிடிப்புக் கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் பிச்சுமணி. மெட்ராஸிலிருந்து வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதும் அந்த மனிதரை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு வைப்பார். தையலைப் பார்த்தால் அரிசி மூட்டை ஞாபகம்தான் வரும்.

மனைவி அன்னக்கொடிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வாசிக்க, அவள் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்பாள். அவளுக்குப் பிச்சுமணியைவிட, கட்டுரைக்குக் கட்டுரை அவரை வெளுத்து வாங்கும் அவர் மனைவி ஸ்யாமளாவைத்தான் பிடிக்கும். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று புதுத் தாலிக்கயிறு மாற்றும்போது, ஸ்யாமளாவுக்கும் ஒரு மஞ்சள் கயிறு வாங்கி, குங்குமத்தோடு பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பச் சொல்வாள். நல்லகாமன் உறையின் பின்பக்கம், அனுப்புகிறவர் என்று அன்னக்கொடி பெயரைப் போட்டு அனுப்புவார்.

வயிற்றில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "அந்தம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையாமா?" என்றுதான் கேட்டாள். தேவலை என்று அந்த வாரக் கட்டுரையில் இருந்தது. வாசித்துக் காட்டினார். அவள் முகம் தெளிந்தது.

"நான் போயிட்டா அந்தம்மாவுக்கு எழுதிறாதீக, வெசனப்படும். கயித்த மட்டும் நிப்பாட்டிறாதீக."

அவள் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் பெயரில் தாலிக்கயிறு போகலாமா? உறையில் அன்னக்கொடி பெயரே இருந்தது.

எண்பத்து நாலில், திருக்கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால், பிச்சுமணியின் புதுப் புத்தகம் வந்தது. விறகு வாங்க வந்த ஆட்களைக் காக்க வைத்துவிட்டு முன்னுரையைப் பிரித்தார். ஸ்யாமளா இறந்து பல வருஷம் ஆகிவிட்டதாம். காகிதத்திலாவது அவள் பேசட்டும் என்று எழுதி வந்தாராம். அப்படியானால் அந்த முழங்கால் வலி?

"சாகக் கெடந்தவளையும்ல ஏமாத்திப்புட்டான்" என்றார் நல்லகாமன்.

பக்கத்து டீக்கடை வெள்ளைத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாருண்ணே?"

நல்லகாமன் உள்ளே போனார். தைத்து வைத்த கட்டுகளையெல்லாம் இழுத்து வந்து தராசுக்குப் பக்கத்தில் போட்டார். எடைக்குப் போட்டுவிடுவதென்று முடிவு. புதுப் புத்தகத்தையும் மேற்கொண்டு படிக்காமல் அதன்மேலேயே எறிந்தார்.

இனிமேல் கயிறும் கிடையாது என்றுதான் இருந்தார். ஆனால் செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு விடுமா? திருக்கல்யாணத்தன்று கோயில் வாசலில் கூட்டத்தில் இடிபட்டு ஒரு கயிறு வாங்கி வந்தார். யாருக்கென்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். எறிந்த புத்தகம் எதிரே கிடந்தது. எடுத்து, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

"மதுரையிலிருந்து அன்னக்கொடி என்ற சகோதரி ஆண்டுதோறும் மஞ்சள் கயிறு அனுப்புகிறார். அதை ஸ்யாமளாவின் படத்துக்குச் சாத்துகிறேன். உண்மையை எழுத ஒவ்வொரு முறையும் பேனா எடுத்தேன். அந்தச் சகோதரி வருந்துவாரே என்று மூடி வைத்துவிட்டேன்."

நல்லகாமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த மனிதர் செய்ததைத்தானே அவரும் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்? வந்திருந்த கோபம் எந்தப் பக்கம் போயிற்றென்றே தெரியவில்லை.

மறுநாள் தபாலாபீசில் உறையை நீட்டினார். அங்கே முத்திரை குத்தும் கண்ணுச்சாமி வருஷா வருஷம் அதே உறையை வாங்கிப் பழகியவர். திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஒங்க பேரு போட்டிருக்கு? அன்னக்கொடியம்மா பேர்லதான அனுப்புவீக?"

"அவ செத்துப்போயிட்டாப்பா."

அன்னக்கொடி போன நாளிலிருந்து அந்த வார்த்தையை நல்லகாமன் வாய்விட்டுச் சொன்னதில்லை. கண்ணுச்சாமி உறையை மெல்லத் திருப்பி வைத்து முத்திரையைக் குத்தினார்.