நீதி சொல்லாத பூனைக்குட்டி

நான் ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலையில் பதினைந்து பிள்ளைகளை ஏற்றி, மத்தியானம் அவரவர் வீட்டு கேட் முன்னால் இறக்கிவிடுவதற்குள் நான் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். "பெல்ட்டு போடு!", "தலைய உள்ள இழு!", "யாருடா அது தண்ணியக் கொட்டுனது?" இந்தக் குரலை வேனிலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது. வீட்டுக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். என் ஒரே மகள் வாயைத் திறந்தாலோ காற்றுதான் வரும். யாரைக் கொண்டு பிறந்தாளோ என்று கேட்காத ஆள் இல்லை.

போன வருஷம் அவள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, கதை சொல்லும் போட்டிக்கு அவளைப் பிடித்துத் தள்ளியது நான்தான். எங்கள் தமிழ்ப்பள்ளிகளில் அந்தப் போட்டிக்கென்று ஒரு முறை இருக்கிறது. அவை வணக்கம் சொல்ல வேண்டும். சிங்கம் வந்தால் உறும வேண்டும், மான் வந்தால் துள்ள வேண்டும். கடைசியில் "ஆகவே, அவையோரே" என்று கையை நீட்டி, கதையின் நீதியைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். என் மகள் சிங்கத்தை எப்படியோ கொன்றுவிட்டாள். "ஆகவே" என்றாள். நின்றுவிட்டாள். மண்டபமே பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து, "ஆகவே அவையோரே, ஆணவம் அழிவைத் தரும்! சொல்லுலா!" என்று கத்தினேன்.

மண்டபம் சிரித்தது. பிள்ளை இறங்கி ஓடிப்போய் வேனின் கடைசி இருக்கைக்கு அடியில் படுத்துக்கொண்டாள். "இனிமே நான் மேடைக்குப் போமாட்டேன்" என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னாலும் எழுந்து நின்று தரையைப் பார்க்க ஆரம்பித்தாள். டீச்சர் போன் போட்டார், "அக்கா, அவ வாயே தொறக்க மாட்றாக்கா" என்று. என் வாயால் வந்த வினை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பூனைக்குட்டி வந்தது. நிஜப் பூனை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசார் காராட் என்கிற பழைய சாமான் சந்தையில், ஒரு சீனப் பெரியவர் தரையில் பரப்பியிருந்த புத்தகங்களுக்கு நடுவே நான்கு ஜப்பான் படக்கதைப் புத்தகங்கள் கிடந்தன. எல்லாம் ஒரு பூனைக்குட்டியைப் பற்றிய மங்கா. எழுத்தெல்லாம் சீனம். மகள் ஒன்றைக் கையில் எடுத்தவள் வைக்கவே இல்லை. "நமக்குப் படிக்கத் தெரியாதேடி" என்றேன். "பாக்கத் தெரியும்ல" என்றாள். பல மாதங்களில் அவள் எனக்குக் கொடுத்த முதல் எதிர்ப்பேச்சு அது. நான்கையும் வாங்கிவிட்டேன்.

அட்டைப் படம் பின்பக்கம் இருந்தது. அச்சடித்தவன் அட்டையை மாற்றி ஒட்டிவிட்டான் போல, அதனால்தான் இவ்வளவு மலிவு என்று நானே தீர்ப்பு சொல்லி, நம் வழக்கப்படி இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அத்தியாயம். குட்டி முதலில் தரையில் விழுந்து கிடக்கும். அப்புறம் அலமாரி உச்சியிலிருந்து சறுக்கும். அப்புறம் மேலே ஏறும். கடைசியில் கீழே உட்கார்ந்து அலமாரியை ஏக்கத்தோடு பார்க்கும். ஒரு நாள் வயிறு முட்ட மீன் தின்றுவிட்டுப் படுத்திருந்தது. பக்கத்தைத் திருப்பத் திருப்ப மீன் தட்டுக்குத் திரும்பி வந்தது. "மந்திரப் பூனைம்மா" என்றாள் மகள். நானும் நம்பினேன்.

ஒரு மாதம் கழித்து அதே சந்தையில் பெரியவரிடம், அட்டை சரியாக ஒட்டிய புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, வலது பக்கத்திலிருந்து திருப்பிக் காட்டி, "சாலா லா!" என்று, அதாவது தப்பு என்று, விழுந்து விழுந்து சிரித்தார். ஜப்பான் படக்கதையை வலது பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டுமாம். அலாமாக், முழுப் பாகத்தையும் தலைகீழாகப் படித்திருக்கிறோம்! ஆனால் ஒன்று சொல்கிறேன். பின்னாலிருந்து படித்தும் அந்தக் கதையில் எதுவும் கெடவில்லை. கெடுவதற்கு அதில் கதை என்று ஒன்று இருந்தால்தானே? சொட்டும் குழாயை ஒரு குட்டி பார்க்கிறது. தன் வாலைக் கண்டு தானே பயப்படுகிறது. உடம்புக்குப் போதாத பெட்டிக்குள் புகுந்துகொண்டு, வெளியே வர முடியாமல், வேண்டுமென்றேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று முகத்தை வைத்துக்கொள்கிறது. யாரும் அதைத் திட்டிக் கதையை முடிப்பதில்லை. யாரும் அதற்குப் புத்தி சொல்வதில்லை. நாள் முடிந்ததும் அது சுருண்டு தூங்கிவிடுகிறது. அவ்வளவுதான் அத்தியாயம். எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. இரண்டாம் பாகம் வருவதற்குள் அந்தத் தூக்கத்துக்காக நானும் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

எழுத்து புரியாததால் குட்டிக்கு மகள்தான் பேச்சுக் கொடுத்தாள். அது எங்கள் வீட்டுப் பேச்சையே பேசியது. "எம்மா, பசிக்குது லா." "நான் ஒன்னும் விழல, சும்மா எறங்குனேன்." "குளிக்க மாட்டேன், நேத்துதான் நக்குனேன்." படத்தில் குட்டியைக் குளிப்பாட்டும் வீட்டுக்கார அம்மா பேசும்போது மட்டும் அவள் குரல் சட்டென்று உயரும். "தலைய உள்ள இழு!" அடிப்பாவி, அது நான்! கோபம் வருவதற்குப் பதில் எனக்குச் சிரிப்பு வந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றாக வந்துகொண்டிருந்த வாய்க்குள்ளா இவ்வளவு இருந்தது?

இந்த வருஷம் போட்டி அறிவிப்பு வந்தபோது நான் மூச்சுவிடவில்லை. அவளாக வந்து நின்றாள். "பூனைக் கதைன்னா போறேன். வேற கதைன்னா போமாட்டேன். இந்த வாட்டியும் நடுவுல நின்னுட்டேன்னா இனிமே எப்பவுமே கேக்கக் கூடாது" என்றாள். டீச்சருக்கும் சந்தோஷம்தான், ஆனால் மதிப்பெண் தாளைக் காட்டினார். "நீதிக்கு அஞ்சு மார்க்கு இருக்குக்கா. அது இல்லாம போனா கட் பண்ணிருவாங்க."

சரி, ஒரு நீதியை நானே செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தேன். 'ஆகவே, அவையோரே, நாமும் இப்பூனையைப் போலப் பெற்றோர் சொல் கேட்டு நடப்போம்.'

"எம்மா, அது எங்க சொல்லு கேட்டுச்சு?"

'திருடக் கூடாது' என்று மாற்றினேன். மீனைத் திருடியதற்கு அது தண்டனையே அனுபவிக்கவில்லையே என்றாள். 'சுத்தம் பேணுவோம்' என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானே அதை அடித்துவிட்டேன். கடைசியில் 'உயிர்களிடத்தில் அன்பு காட்டுவோம்' என்று ஒன்றை எழுதிக் கொடுத்தேன். எதற்கும் பொருந்துகிற நீதி அது. மறுபேச்சில்லாமல் மனப்பாடம் செய்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

போட்டி தாப்பாவில், ஒரு பள்ளி மண்டபத்தில். முன்னால் தரையில் அந்தப் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து மேசையில் நேரம் பார்க்கும் டீச்சர், கையில் மணியோடு. நான் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து, வாய்க்குள் கைக்குட்டையைத் திணிக்காத குறையாக இருந்தேன். பதினோராவதாக என் பிள்ளை ஏறினாள். மைக் அவளுடைய நெற்றி உயரத்தில் இருந்தது. அவளே அதை இறக்கிக்கொண்டாள்.

வணக்கம் சொன்னாள். அடுத்த நிமிஷம் அங்கே என் மகள் இல்லை, பூனைக்குட்டிதான் இருந்தது. செருப்போடு சண்டை போட்டது. கரண்ட் சோத்துப் பானை 'டக்' என்றதும் தூக்கிவாரிப் போட்டு ஓடியது. பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு, "நான் ஒன்னும் மாட்டிக்கல" என்றது. தரையில் இருந்த பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு குட்டிக்குத் தூக்கம் வந்தது. அவள் குரல் இறங்கி இறங்கி வந்தது. மைக்குக்கு முன்னால் இரண்டு கைகளையும் சேர்த்துச் சுருட்டி, அதைக் குனிந்து பார்த்தாள்.

நின்றுவிட்டாள்.

போச்சு என்று நினைத்தேன். 'ஆகவே'தான் வரவில்லை, அதே இடம், அதே நிற்பு. அந்த நீதி என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் அவளுக்குக் கேட்கும். ஐந்து மார்க்கும் கிடைக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே வலித்தது. நேரம் பார்க்கும் டீச்சர் மணியைத் தூக்கினார்.

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்... தூங்கிருச்சு."

மறந்துபோன பிள்ளையின் முகம் இல்லை அது. அவள் குனிந்து இரண்டு சப்பாத்துகளையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு, சத்தம் வராமல், ஒவ்வொரு படியாக மேடையை விட்டு இறங்கினாள். டீச்சர் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேசையில் வைத்தார். அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நீதிக்குச் சைபர் போட்டு, இரண்டாம் பரிசு என்று அப்புறம் அறிவித்தார்கள். அதெல்லாம் அப்புறம். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் பிள்ளை, என் பிள்ளை! எழுந்து நின்று, பலம்கொண்ட மட்டும் கை தட்ட ஆரம்பித்தேன்.

முன்வரிசையிலிருந்து முதலாம் ஆண்டுப் பொடிசு ஒன்று திரும்பி, என்னை முறைத்தது.

"ஆண்ட்டி! பூனை தூங்குதுலா!"

நான் கையை இறக்கிக்கொண்டு, நாற்காலி கிறீச்சிடாமல், மெதுவாக உட்கார்ந்தேன்.