பேனா பட்ட தாள்

அமெரிக்காவில் ஒருகாலத்தில் சின்னச் சின்ன ஊர் வங்கிகளும் தங்கள் ஊர்ப்பெயரைப் போட்டு டொலர்த் தாள் வெளியிட்டன. அவற்றைத் தேடிச் சேர்க்கும் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்தவர் எங்கள் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியே குடியிருக்கும் ஒரு வெள்ளைக்கார முதியவர். சனிக்கிழமையானால் நான் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் மெற்றோ ஏறி அவரிடம் போய்விடுவேன். வீட்டில் வாய் திறக்காத நான் அங்கே மணிக்கணக்காகக் கதைப்பேன்.

போன மாதம் தன் பத்து டொலர்த் தாள் ஒன்றைப் படமெடுக்க என்னிடம் தந்தார். அவர் பிறந்த வெர்மான்ட் ஊரின் வங்கித் தாள் அது. காசாளர் என்ற இடத்தில் பேனாவால் கையெழுத்து வைத்திருந்தவர் அவருடைய அப்பப்பா. அந்த மனிதரின் கையெழுத்தென்று வேறொன்றும் அவரிடம் இல்லை.

மேசையில் அதைக் கண்ட மனைவி, "ஆரப்பா இதிலை கிறுக்கினது?" என்று கேட்டாள்.

"ஆரோ பழைய ஆக்கள். உமக்கு விளங்காது." நான் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஊரில் பேனா பட்ட தாளைக் கடைக்காரர் வாங்கமாட்டார்கள். பள்ளிக்கூடச் சட்டையில் மை பட்டால் தேசிக்காய்ப்புளி போட்டு எடுப்போம். மறுநாள் நான் வேலையால் வந்தபோது, அவள் அந்தத் தாளையும் அப்படியே கழுவிக் காயவைத்து, புத்தகத்துக்குள் வைத்து நேராக்கியிருந்தாள். கையெழுத்து இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.

"இனி ஆரும் வாங்குவினம்," என்றாள் சந்தோசமாக.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். சனிக்கிழமை, தானே மன்னிப்புக் கேட்கவேண்டுமென்று அவளும் கூட வந்தாள். முதியவரின் கதவு திறந்ததும் நான் முந்திக்கொண்டு, "இவள் செய்த வேலை. இவளுக்கு இதெல்லாம் விளங்காது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்ப்பவள். ஆங்கிலம் அவளுக்கு நன்றாகவே விளங்கும்.

அவர் தாளை யன்னலடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்பப்பாவின் பெயரில் ஓரெழுத்தும் மிஞ்சவில்லை. பிறகு என்னிடம் கேட்டார், "இது யாருடைய கையெழுத்தென்று வீட்டில் சொல்லவில்லையா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மனைவிதான் பதில் சொன்னாள். "சொன்னவர். நான்தான் மறந்துபோனேன்."

நான் இல்லையென்று சொல்லவில்லை.